பத்தாம் நம்பர் ஸ்பானருக்கு விடுமுறை

எங்கள் வண்டியில் ஏறுவது சுலபம். இறங்கத்தான் பழக்கம் வேண்டும்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி எப்போதோ கதவோடு உறவை முறித்துக்கொண்டது. இழுத்தால் வரும், விட்டால் போகும். கதவு அதைக் கண்டுகொள்ளாது. அதனால் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, வெளிக்கைப்பிடியைத் தூக்கித் திறக்க வேண்டும். மழை பெய்தால் முழங்கை வரை நனையும். சந்தை வாசலில் பார்ப்பவர்கள் என் காரை நானே திருடுகிறேன் என்று நினைத்திருக்கக்கூடும். பின்கதவுகள் இரண்டிலும் பிள்ளைகள் திறந்துவிடாமல் இருக்கப் போடும் பூட்டு இருக்கிறது. மகள் நடக்கப் பழகிய காலத்தில் போட்டது. மகள் இப்போது ஐந்தாம் படிவம், பதினேழு வயது. பூட்டு துருப்பிடித்து அதே இடத்தில் நிற்கிறது. உள்ளிருந்து ஒழுங்காகத் திறப்பது முன்னிருக்கைப் பயணியின் கதவு ஒன்றுதான். ஆனால் வீட்டு முகப்பில் இடம் குறைவு என்பதால் அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவேன். அந்தக் கதவு ஒரு சாண் திறக்கும். நான் ஒரு சாணுக்குள் அடங்கிய காலம் போய்விட்டது.

இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமே இல்லை. எதையும் தனியாகவே பார்ப்பது என் குணம்.

ஏழு பேர் உட்காரக்கூடிய, நான்கு சக்கரமும் இழுக்கிற, உயரமான வண்டி. காட்டிலும் மேட்டிலும் ஓட வேண்டும் என்று கனவு கண்டு யாரோ அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆயர் ஈத்தாம் சந்தைக்கும் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற பாலத்து நெரிசலுக்கும் தவிர நான் அதை எங்கும் கூட்டிப்போனதில்லை. அப்படியும் நான்கு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு என்று தெரியாது. மீட்டரில் எண்களின் பாதிக் கோடுகள் எரிவதில்லை.

காலையில் மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பார்கள். நான் அட்டை பார்ப்பேன். எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்து வைத்திருப்பேன். மறுநாள் அதில் விழுந்திருக்கும் கறைதான் அன்றைய செய்தி. கறுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய், பழக்கமான துக்கம். சிவப்பு என்றால் கியர் எண்ணெய், அன்று காப்பி இறங்காது. பச்சை என்றால் குளிர்விக்கும் நீர். வெறும் தண்ணீர் என்றால் அது ஏர்கான் தண்ணீர். சந்தோஷப்படலாம், ஏர்கான் இன்னும் உயிரோடு இருக்கிறது. வைத்தியத்தை இணையத்து வீடியோக்களில் கற்றுக்கொண்டேன். மொழி தெரியாத நாடுகளில் யாரோ சட்டையில்லாத மனிதர்கள் என் வண்டியின் உடன்பிறப்புகளைப் பிரித்து மேய்கிறார்கள். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். அந்தக் கைகளை எனக்கு என் சொந்தக்காரர்களின் கைகளைவிட நன்றாகத் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டு இந்த வண்டியை ஏன் வைத்திருக்கிறேன் என்று மனைவி கேட்காத மாதம் இல்லை. உண்மையான பதிலை நான் சொன்னதில்லை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எல்லா வீடும் ஒரே அச்சு: கீழே ஒரு கூடம், அதை ஒட்டிச் சமையலறை, மேலே அறைகள். கூடத்தில் சாயங்காலம் மனைவி டியூஷன் எடுக்கிறாள். சுவருக்குச் சுவர் பிள்ளைகள், ஒரே சமயத்தில் மூன்று பாடம். மேலே மகள் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறாள். படிக்கிற சத்தம் வராது, ஆனால் என் செருப்புச் சத்தம் அவளுக்கு இடைஞ்சல். எனவே நான் ஒரு புத்தகத்தோடு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். வெளியே இருந்து பார்த்தால் ஏதோ கோளாறைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். இந்த வீட்டில் என் அறை அதுதான். நான் படித்த நல்ல புத்தகங்களில் பாதி ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் படித்தவை.

மனைவியின் திட்டம் வேறு. வண்டியை எடுத்துவிட்டால் முகப்பில் தரைக்கு ஓடு பதித்து, மேசை நாற்காலி போட்டு, டியூஷனை அங்கே கொண்டுபோகலாம். கூடம் காலியாகும். “அப்புறம் நீங்க மனுசன் மாதிரி சோபாவுல உக்காந்து படிக்கலாம்” என்றாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நியாயமான திட்டங்களை எதிர்ப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு பேச்சு ஒரு முடிவுக்கு வந்தது. அன்றைக்கு வண்டிக்கும் பூஜை உண்டு. நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும். போன வருஷம் சாவியைத் திருப்பியபோது வண்டி ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது. குடும்பமே பின்னால் நின்று தள்ளிப் பழத்தை நசுக்கினோம். முன்னால் நின்று தள்ளாமல் ஆலோசனை சொன்னவர் மனைவியின் அண்ணன். பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார், மின்சாரக் கார் வைத்திருக்கிறார். இரண்டில் எதை முதலில் சொல்வது என்று அவருக்கே குழப்பம்.

“இந்த வருசம் பழத்து மேல அதுவா ஏறுனா, இருக்கட்டும்” என்றாள் மனைவி. “ஏறலன்னா மறுநாள் காலையில அண்ணனுக்குத் தெரிஞ்ச இழுவை லாரி வரும். சம்மதமா?”

“சம்மதம்.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது. அந்தக் கதவு பிடியையும் சரி பண்ணிருங்க.”

“பாத்துக்கிறேன்” என்றேன். பாத்துக்கிறேன் என்பது பொய் இல்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம் பூஜை சனிக்கிழமை வந்தது. மத்தியானம் வண்டியைக் கழுவினேன். மேலே மட்டும் கழுவி விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள் சாமிக்குக் காட்டப்போகிற எஞ்சின், அதையும் குளிப்பாட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பக்தி வந்துவிட்டது. பழைய எஞ்சினுக்குத் தண்ணீர் ஆகாது என்று அந்தச் சட்டையில்லாத மனிதர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முறையாகவே செய்தேன். பிளாஸ்டிக் பைகளால் மின்பெட்டியை மூடிக் கட்டினேன். பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து, பேட்டரியின் முனையைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளிப்பின் மரையைத் தளர்த்தி, ஒயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தேன். ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் போட்டேன். அந்தத் துடைப்புதான் தப்பு. அழுக்காக இருந்திருந்தால் அது என் கையிலேயே இருந்திருக்கும்.

கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, பைகளை அவிழ்த்துவிட்டு, ஒயரை மாட்டலாம் என்று திரும்பினால் கருவிப்பெட்டியைக் காணோம்.

சமையலறைக்குப் போனேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“பெட்டி எங்க?”

“சாமி மேடையில. எல்லாத்தையும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு அடுக்கியாச்சு. என் கத்தரிக்கோல், அவ புத்தகம், உங்க போன், எல்லாம் அங்கதான் இருக்கு.”

“போன் எதுக்கு?”

“நீங்க அதுலதான வேலை செய்யிறீங்க. அதுக்கும் ஒரு நாளு ஓய்வு வேணாமா?”

“ஒரே ஒரு ஸ்பானர் வேணும். ஒரு நிமிசம்.”

அவள் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சாமி மேடையில் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது. இது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். எழுதியிருந்தால் அதில் ஓட்டை இருந்திருக்கும். நான் எட்டிப் பார்த்தேன். திருகுளிகள், குறடு, சுத்தியல், அளவு வாரியாக ஸ்பானர்கள், எல்லாம் நெற்றியில் பொட்டோடு வரிசையாகப் படுத்திருந்தன. அவற்றுக்கு அவ்வளவு மரியாதை என் கையில் ஒரு நாளும் கிடைத்ததில்லை. பத்தாம் நம்பர் மேல் ஒரு செம்பருத்தி.

திரும்பிப் போய், ஒயரைப் பேட்டரி முனையில் மாட்டி, மரையைக் கையாலேயே முறுக்கினேன். விரல் சிவக்க முறுக்கினேன். சாவியைப் போட்டுத் திருப்பினால் முதல் திருப்பிலேயே எஞ்சின் ஓடியது. நிறுத்தினேன். இப்படியே சாயங்காலம் வரை இருந்தால் போதும்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஓடுகிற எஞ்சினை நம்புகிற மனநிலை எனக்கு வருஷங்களுக்கு முன்பே போய்விட்டது. சாவியைப் பாதி திருப்பும்போது எரிபொருள் பம்ப் லேசாக முனகும். அந்த முனகலின் நீளத்தை வைத்து அதன் ஆரோக்கியத்தைச் சொல்லலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் சனிக்கிழமை மத்தியானம் கரோக்கே பாடுவார். அவருடைய பாட்டில் பம்பின் பாட்டு கேட்கவில்லை. ஆகவே வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, கதவை இழுத்துச் சாத்தி, சாவியைப் பாதி திருப்பினேன்.

பம்ப் முனகியது. நல்ல, நிதானமான, ஆரோக்கியமான முனகல். அதன் நடுவில் எல்லாம் அணைந்துவிட்டது.

விளக்கில்லை, மீட்டரில்லை, சத்தமில்லை. முறுக்கிய மரை தளர்ந்து ஒயர் எழும்பிவிட்டது என்று உடனே புரிந்தது. அது புரிந்த சந்தோஷத்தில், இறங்கிப் போய் அழுத்திவிடலாம் என்று ஜன்னல் பொத்தானைத் தட்டினேன். அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்தது. மின்சாரம் இல்லாமல் கண்ணாடி இறங்காது. கண்ணாடி இறங்காமல் கதவு திறக்காது.

உள்கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். நாகரிகமாக வந்துபோனது. ஹாரன் அடித்தேன், ஊமை. பின்னிருக்கைக்கு ஏறிக் குதித்து இரண்டு கதவையும் உலுக்கினேன். மகளைக் காப்பாற்றப் போட்ட பூட்டு என்னைக் காப்பாற்ற மறுத்தது. பின்பக்கத் தூக்குக் கதவுக்கு உள்ளே பிடியே கிடையாது. திரும்ப முன்னால் வரும்போது இடுப்பு இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் மாட்டியது. அதை விவரிக்க வேண்டாம். பயணி பக்கத்துக் கதவை ஒரு சாண் திறந்தேன். சுவரில் வெயில் படாமல் வெளுத்துப்போன பாசியும், இரண்டு எறும்புகளும், கொஞ்சம் காற்றும் வந்தன.

அந்த இடுக்கில் வாயை வைத்து மனைவியைக் கூப்பிட்டேன். சமையலறையில் மிக்ஸி ஓடியது. மகளைக் கூப்பிட்டேன். பெரியவர் உச்சஸ்தாயிக்குப் போனார். அவருடைய காதலி எங்கோ போய்விட்டாள் போலிருக்கிறது. பாஷை தெரியாவிட்டாலும் அந்த அளவுக்கு எனக்குப் புரிந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கத்தினோம். அவருக்கு ஒலிபெருக்கி இருந்தது.

மூச்சு முட்டவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீரக்கதையாகிவிடும். ஒரு சாண் காற்று ஒரு ஆளுக்குப் போதும். வேர்த்துக் கொட்டியது, அவ்வளவுதான். இருக்கையைச் சாய்த்துப் படுத்தேன். டாஷ்போர்டில் மத்தியானம் நானே வைத்த சந்தனப் பொட்டு காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த பெட்டியில் பாதி படித்த புத்தகம் இருந்தது, எடுத்தேன். ஒரு பக்கம்கூட ஓடவில்லை. இத்தனை வருஷமாக யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மணி நேரத்துக்கு ஏங்கியவன் நான். அது வந்திருக்கிறது, கதவுகூடத் திறக்காது, யாரும் வர மாட்டார்கள். படிக்கவே முடியவில்லை. எழுந்து போக முடியும் என்கிற நினைப்பில்தான் இத்தனை நாள் இங்கே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் எதிலும் யாரும் என்னைத் தள்ளிப் பூட்டியதில்லை. எல்லாக் கதவையும் நானேதான் இழுத்துச் சாத்தியிருக்கிறேன். பிடிக்காத வேலையில் இரண்டு வருஷம் இருப்போம் என்று சேர்ந்தேன். இப்போது அங்கே புதிதாக வருகிறவர்களை வரவேற்பதே நான்தான். தீவில் வீடு வாங்கினால் பெருமை என்று வாங்கினேன். சொந்தக்காரர்கள் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சின்ன கைப்பிடி கழன்றது, ஜன்னல் வழியாகக் கைவிட்டுச் சமாளித்துக்கொண்டேன். கேட்டால் பாத்துக்கிறேன் என்றேன்.

அந்த நேரத்தில்தான் மச்சான் வந்தார்.

அவருடைய கார் சத்தமில்லாமல் வந்து எங்கள் கேட்டுக்குக் குறுக்கே நின்றது. சரியாகக் குறுக்கே. எங்கள் வண்டி இன்றைக்குக் கேட்டைத் தாண்டும் என்கிற சந்தேகமே அவருக்கு இல்லை என்பது அந்த நிறுத்தத்தில் தெரிந்தது. இறங்கி, கையில் ஆப்பிள் பையோடு உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். வேர்வையில் குளித்து, சாய்ந்து படுத்து, நெஞ்சில் புத்தகத்தோடு இருந்தேன்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

“என்ன மாப்ள, காடிய விட மாட்டேன்னு உள்ள உக்காந்து போராட்டமா?” எங்கள் ஊர்ப் பேச்சில் கார் என்பது காடி.

வெளிக்கைப்பிடி அவர் இடுப்புக்கு நேராக இருந்தது. அவர் விரலை வைத்துத் தூக்கினால் போதும், நான் வெளியே. ‘திறங்க மச்சான்’ என்று இரண்டு சொல். உதடு அசைவதைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

நான் சொல்லவில்லை. சொன்னால் கைப்பிடி வேலை செய்யவில்லை என்பது தெரியும். சரி பண்ணச் சொன்ன ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்பது தெரியும். பூஜைக்கு முன்பே வழக்கு முடிந்துவிடும். புக்கிட் மெர்தாஜாமில் அடுத்த பத்து விசேஷத்துக்கு நான்தான் பேச்சு. ஆகவே புத்தகத்தை ஒரு பக்கம் புரட்டி, முக்கியமான இடத்தில் இருப்பவன் போல ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

“படிக்கிறாராம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூரையை இரண்டு தட்டுத் தட்டினார். “படிங்க படிங்க. நாளையில இருந்து எங்க படிப்பீங்கன்னு யோசிச்சு வைங்க.” உள்ளே போய்விட்டார்.

அதுவரை நான் மாட்டிக்கொண்டவன். அதற்குப் பிறகு மாட்டிக்கொண்டிருக்க ஒப்புக்கொண்டவன். வேர்வை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இருட்டுவதற்கு முன் எல்லாரும் வெளியே வந்தார்கள். மகள் தாம்பாளம், மனைவி சூடத்தட்டு, மச்சான் வெறுங்கை. நான் ஓட்டுநர் இருக்கையில் தயாராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மனைவி புருவத்தைத் தூக்கினாள். இந்த அளவு அக்கறையை அவள் எதிர்பார்க்கவில்லை. மகள் குனிந்து நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். மனைவி வண்டியின் நெற்றியில் சந்தனம் வைத்து, சூடம் ஏற்றிச் சுற்றினாள். அந்த வெளிச்சம் முன்கண்ணாடியில் விழுந்தது. நான் கும்பிட்டேன். அவ்வளவு மனதாரக் கும்பிட்டு ரொம்ப நாளாகிறது.

அவள் கையைக் காட்டினாள், எடுங்க என்று.

சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினேன். இருமல்கூட இல்லை.

“போன வருசம் இருமவாவது செஞ்சிச்சு” என்றார் மச்சான். கேட்டது, பயணி கதவின் இடுக்கு வழியாக எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. “சரி விடுலா. லாரிக்காரன்கிட்ட சொல்லிர்றேன். காலையில வந்துருவான்.” போனை எடுத்தார்.

நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேட்டரி, மரை, கை, ஸ்பானர் என்று எல்லாவற்றையும் ஜாடையில் சொன்னேன். மகள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மனைவி சூடத்தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு நேராக என் பக்கம் வந்தாள். வெளிக்கைப்பிடியைத் தூக்கிக் கதவைத் திறந்தாள்.

“எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்க?”

“கொஞ்ச நேரம்தான்.”

“சட்டையப் பிழிஞ்சா ஒரு குவளை வரும். கொஞ்ச நேரமாம்.”

“போராட்டம் இல்லையா அது?” என்றார் மச்சான்.

“என்ன போராட்டம். உள்பிடி இல்லண்ணே. ரொம்ப நாளா இல்ல. தினம் ஜன்னல் வழியா கைய நீட்டித்தான் இறங்குறாரு, மழையிலயும். நான் சமையலறையில இருந்து பாக்காமயா இருக்கேன்?” என்னிடம் திரும்பினாள். “இப்ப என்ன கோளாறு? சுருக்கமா சொல்லுங்க.”

“பேட்டரி கிளிப்பு லூசா இருக்கு. பத்தாம் நம்பர் ஸ்பானரால ரெண்டு திருகு திருகினா போதும். அது சாமிக்கிட்ட இருக்கு.”

மகள் சாமி மேடைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“பத்தாம் நம்பர மட்டும் எடுத்தா என்னம்மா?” என்றாள் மகள்.

“எடுக்கலாமே. அப்படியே உன் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துத் தரேன். உக்காந்து படி.”

மகள் அந்தக் கோரிக்கையை உடனே வாபஸ் வாங்கினாள்.

“அதான் ஏறலயே” என்றார் மச்சான். “பேசுனது பேசுனதுதான். பழத்த எடும்மா, அடுத்த வேலையப் பாப்போம்.”

பழத்தை எடும்மா என்று மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என் வண்டி போயிருக்கும். மனைவி அவரைப் பார்த்த பார்வையை நான் முன்பு அனுபவித்திருக்கிறேன். இன்னொருவர் மேல் விழுந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“வச்ச பழத்த எடுக்கறதா? சூடம் காட்டுனதுக்கப்புறம்? எந்த ஊர்லண்ணே பாத்தீங்க?” என்றாள். “உங்க காடியில ஸ்பானர் இருக்கா?”

“என் காடிக்கு எதுக்கு ஸ்பானர்?” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். சொன்னதும் அவருக்கே அது போதவில்லை.

அவள் பக்கத்து வீட்டுச் சுவரண்டை போனாள். அங்கே பாட்டு இன்னும் முடியவில்லை.

“அங்கிள்! ஸ்பானர் அடா? நம்பர் டென்!” மலாயில் அடா என்றால் இருக்கிறதா என்று அர்த்தம்.

பாட்டு நின்றது. கையில் ஒலிவாங்கியோடு இருந்ததால் பெரியவர் அதிலேயே பதில் சொன்னார். “டென்னா, டுவெல்வா?” தாமான் முழுக்க எதிரொலித்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது.

“டென், அங்கிள், டென்!”

“ஆயுத பூஜை அன்னைக்கு வேலை செய்யலாமா?” என்றார் மச்சான். அது உண்மையான கேள்வி, குறும்பில்லை.

“நம்ம ஆயுதத்துக்குத்தான் இன்னைக்கு ஓய்வு. அவரு ஆயுதத்துக்கு நம்ம என்ன பூஜையா போட்டோம்?”

“அப்ப மாப்ள?”

“அவர யாரு ஆயுதம்னு சொன்னா?”

சுவருக்கு மேலே ஒரு கை ஸ்பானரை நீட்டியது. அதில் பொட்டு இல்லை, பூ இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தது. வாங்கிக்கொண்டு ஓடிப்போய் முன்மூடியைத் தூக்கினேன். ஒயர் முனை பேட்டரி மேல் சும்மா சாய்ந்து கிடந்தது. அழுத்தி, ஒரு திருகு, இன்னொரு திருகு. மூடியைச் சாத்திவிட்டு ஏறி உட்கார்ந்தேன். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை.

சாவி. முனகல். எஞ்சின் எழுந்துகொண்டது.

மச்சான் முகத்தில் வந்தது தோல்வி இல்லை, பீதி. அவருடைய கார் கேட்டுக்குக் குறுக்கே நிற்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. “இருங்க மாப்ள, இருங்க இருங்க” என்று சாவி அட்டையைத் தேடிக்கொண்டு ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே தங்கிவிட்டது. நான் பிரேக்கை மெதுவாக விட்டேன். அடியில் ஏதோ லேசாகக் குறுகுறுத்து, பிறகு நான்கு மூலையிலிருந்தும் எலுமிச்சை மணம் எழுந்தது. திறந்திருந்த கதவு வழியாக அது உள்ளே வந்தது. கேட்டுக்கு ஒரு முழம் முன்பாக நிறுத்தினேன்.

“ஏறிருச்சு” என்றாள் மகள்.

மனைவி நசுங்கிய பழங்களைக் குனிந்து பார்த்தாள். அதற்குப் பிறகு முகப்பு நெடுக ஒரு தடவை பார்த்தாள். மேசை போட நினைத்த இடம், நாற்காலி போட நினைத்த இடம். பேச்சு மாறக் கூடாது என்று சொன்னது அவள்தான். ஸ்பானரை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையில் துடைத்து, கொஞ்சம் சுண்டலோடு சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தாள். எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

மறுநாள் விஜயதசமி. புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்க நல்ல நாள் என்பார்கள். சாமி மேடையிலிருந்து கருவிகளை எடுத்துத் தந்த மனைவி, “மொதல் வேலை கதவு” என்றாள். பொட்டு வைத்த திருகுளியால் கதவின் உள்பலகையைக் கழற்றினேன். உள்ளே கைப்பிடிக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி. அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கொக்கி உடைந்து அடியில் கிடந்தது. இத்தனை வருஷம் நான் பயந்தது அந்தக் கட்டைவிரல் நகத்தளவு பிளாஸ்டிக்குக்கு. கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டினேன். பசியாறுவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. பலகையை மாட்டி, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, உள்கைப்பிடியை இழுத்தேன். கதவு திறந்தது. மறுபடி சாத்தி மறுபடி இழுத்தேன். அப்படி ஒரு சுகம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெளியே நின்றபடி கதவைச் சாத்தி, வெளிக்கைப்பிடியைத் தூக்கினாள். அது வந்தது, போனது. கதவு கண்டுகொள்ளவில்லை. இந்தக் கம்பியைக் கட்டும்போது பக்கத்துக் கம்பியைத் தட்டி விட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

கண்ணாடியை இறக்கினேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“இப்ப உள்ள இருந்து தொறக்கும். வெளிய இருந்து தொறக்காது” என்றேன்.

“இறங்கிட்டா திரும்ப ஏற முடியாது?”

“கண்ணாடிய ஏத்திட்டா முடியாது. அந்தப் பக்கம் சுவரு, பின்னால ஏறிக் குதிச்சா இடுப்பு மாட்டும்.”

அவள் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் டியூஷன் உண்டு. உள்ளே போய், ஒரு கையில் காப்பியும் இன்னொரு கையில் தோசைத் தட்டுமாக வந்து, இரண்டையும் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“பாத்துக்கிறேன்னு மட்டும் சொல்லாதீங்க” என்றாள்.

சொல்லவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். கதவு இப்போது எந்த நேரமும் திறக்கும், இழுத்தால் போதும். இறங்கத்தான் யோசனையாக இருந்தது.